முழக்கமும் இரைச்சலும்



சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என நீளும் வட சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னந்தோப்புகளுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த ஆலயங்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டால், பூசையைப் பற்றியும் அன்னதானத்தைப் பற்றியும் பேசப்படுவதற்கு ஈடாக மேளத்தைப் பற்றியும் ஒலிபெருக்கியைப் பற்றியும் பேசப்படுகிறது. "சத்தம் தாங்க முடியவில்லை" என்பது பெரியவர்களின் குறை. "பேஸ் இல்லாவிட்டால் மேளமே இல்லை" என்பது இளைஞர்களின் விடை. இரு தரப்பினரும் ஆளுக்கொரு சொல்லை வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர். பெரியவர்களின் 'சத்தம்' என்னும் சொல்லில் இசையும் இரைச்சலும் ஒன்றாகிவிடுகின்றன. இளைஞர்களின் 'பேஸ்' என்னும் சொல்லில் தோற்கருவியின் முழக்கமும் மின்கருவியின் உதைப்பும் ஒன்றாகிவிடுகின்றன. வாதம் முடிவுக்கு வராமைக்கு இச்சொற்பஞ்சமும் ஒரு காரணமாகும். ஆனால் தமிழ்மொழியோ இத்துறையில் வறுமையுற்ற மொழியன்று. கனத்த ஒலிக்கும் தாழ்ந்த ஒலிக்கும் உடலை உலுக்கும் ஒலிக்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கும் மொழி அது. அச்சொற்களை அறிந்துகொள்வது திருவிழாவின் அமைதிக்கும் துணைபுரியும், மேளத்தின் பெருமைக்கும் துணைபுரியும் என்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் வகுத்த பாகுபாடு

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் உரியியல் என்றோர் இயல் உண்டு. அரிய சொற்களுக்குப் பொருள் கூறும் இயல் அது. அதில் ஒலி பற்றிய சொற்கள் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்படவில்லை. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்னும் நான்கும் இசைப்பொருள் தருவன என்று ஓரிடத்தில் கூறப்படுகிறது. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கும் அரவப்பொருள் தருவன என்று வேறோரிடத்தில் கூறப்படுகிறது. அரவம் என்பது பலர் கூடிய இடத்தில் எழும் ஆரவாரம். ஒலி என்பதாலேயே எல்லாவற்றையும் ஒரே பெயரால் சுட்டிவிடக்கூடாது என்னும் தெளிவு அப்பழங்காலத்திலேயே இருந்திருக்கிறது.

இவற்றுள் இரு சொற்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. இரங்கல் என்பது முரசின் ஓசைக்கும் பெயர். கழிந்துபோன ஒன்றை எண்ணி வருந்துதற்கும் பெயர். தாழ்ந்து ஒலிக்கும் மேளத்தைக் கேட்குங்கால் காரணமின்றி நெஞ்சு கனப்பதை உணர்ந்தவர்களே ஒரு சொல்லால் இரண்டையும் குறித்திருத்தல் வேண்டும். அழுங்கல் என்பதோ ஆரவாரத்துக்கும் பெயர்; இரக்கத்துக்கும் கேட்டுக்கும் பெயர். மிகுந்த ஆரவாரம் கேட்டுக்கு அருகில் நிற்பது என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது.

மூன்றாவதாக ஒரு சொல்லும் அவ்வியலில் உண்டு. அதிர்வு, விதிர்ப்பு என்னும் இரண்டும் நடுக்கப்பொருள் தருவன என்கிறார் தொல்காப்பியர். அதிர்வு என்னும் சொல் அங்கு ஒலியாகச் சொல்லப்படவில்லை. மெய்யில் தோன்றும் நடுக்கமாகச் சொல்லப்படுகிறது. மிகத் தாழ்ந்த ஒலியைச் செவி மட்டும் கேட்பதில்லை. மார்பும் வயிறும் பாதமும் அதனை உணர்கின்றன. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த எவலின் கிளெனி என்னும் தாளக்கருவிக் கலைஞர் தமது 12ஆம் வயதளவில் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். ஆயினும் உலகப் புகழ் பெற்ற கலைஞராக விளங்கி, 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் பங்கேற்றார். மேடையில் வெறுங்காலுடன் நின்று, தாழ்ந்த ஒலிகளைக் காலால் உணர்வதாக அவர் விளக்கியுள்ளார். அவர் உணர்வதற்குத் தமிழில் பெயர் அதிர்வு. 2007இல் வெளிவந்த 'சிவாஜி' திரைப்படத்தில் ரஜினிகாந்த் பேசிய ஒரு வசனம் இந்த 'அதிர்தல்' என்னும் சொல்லைச் சிறுவர் வாயிலும் புழங்கச் செய்தது. அதனைச் சொல்லி மகிழ்ந்த பிள்ளைகள், தொல்காப்பியர் காலத்துச் சொல்லொன்றைத் தாம் பேசுவதை அறிந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே இசை, அரவம், அதிர்வு என மூன்று பிரிவுகள் கிடைக்கின்றன. திருவிழாவில் எழும் எந்த ஒலியையும் இம்மூன்றில் எதுவென்று முதலில் வினவலாம்.

முழக்கம், குமுறல், உறுமல்

கனத்த ஒலிக்குள்ளும் வேறுபாடுகள் பல. முழக்கம் என்பது நிறைந்து பரவும் ஒலி. மேகம் முழங்கும்; கடல் முழங்கும்; முரசு முழங்கும். முழவு, முழா என்னும் கருவிப் பெயர்களும் முழங்குதல் என்னும் வினையும் ஒலியால் உறவுடையன. குமுறல் என்பது உள்ளே அடைபட்டு வெளிவரத் துடிக்கும் ஒலி. எரிமலை குமுறும், கருமேகம் குமுறும், அடக்கி வைத்த துயரத்தால் நெஞ்சமும் குமுறும். உறுமல் என்பது தொடர்ந்து இழுபடும் ஒலி. புலி உறுமும். அடித்து எழுப்பும் ஒலியன்று அது. தொண்டைக்குள் தேய்ந்து தேய்ந்து வருவது.

மலேசியத் தமிழர் நன்கறிந்த உருமி மேளம் இவ்வுறுமலை எழுப்பும் கருவியாகும். இடை சுருங்கிய அக்கருவியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அந்த உறுமல் பிறக்கிறது. மறுமுகத்தை மெல்லிய குச்சியால் தட்டும்போது தாளம் பிறக்கிறது. இதனை உறுமி என்றும் உருமி என்றும் இருவகையாக எழுதுகின்றனர். உறுமுதல் புலியின் செயல். உருமு என்பதோ இடிக்குப் பழந்தமிழ்ப் பெயர். எவ்வாறு எழுதினும் அக்கருவிக்குப் பொருந்தாத பொருள் வந்துவிடாது.

கருவிக்கு அதன் ஓசையைக் கொண்டே பெயரிடுதல் தமிழர் மரபு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் முப்பதுக்கும் மேற்பட்ட தோற்கருவிகளின் பெயர்களை அடுக்கிக் கூறுகிறார். பேரிகை, படகம், திமிலை, குடமுழா, தண்ணுமை, துடி, பெரும்பறை முதலியன அப்பட்டியலில் உள்ளன. கரடி கத்தினாற்போன்ற ஓசை உடைமையால் கரடிகை என்றும், சல்லென்னும் ஓசை உடைமையால் சல்லிகை என்றும் பெயர்கள் அமைந்ததாக அவர் விளக்கம் தருகிறார்.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இன்று ஒலிபெருக்கிப் பெட்டிகளில் தாழ்ந்த ஒலியைத் தரும் பகுதியை 'வூஃபர்' என்று இளைஞர்கள் குறிப்பிடுகின்றனர். ஆங்கிலத்தில் நாயின் குரைப்பைக் குறிக்கும் ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த பெயர் அது. உயர்ந்த ஒலியைத் தரும் 'டுவீட்டர்' என்னும் பகுதிக்கோ சிறு பறவையின் கீச்சொலியைக் கொண்டு பெயரிட்டனர். ஆங்கிலேயருக்கு நாயின் குரல் உதவியதுபோல் தமிழருக்குக் கரடியின் குரல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உதவியிருக்கிறது.

பேச்சுவழக்கிலும் இந்நுட்பம் மறையவில்லை. 'டக்', 'பட்', 'சட்' என வல்லெழுத்தில் முடியும் ஒலிக்குறிப்புகள் உடனே அற்றுப்போகும் வறண்ட ஒலியைக் காட்டுகின்றன. 'தொம்', 'டும்', 'கும்' என மகரமெய்யில் முடிவனவோ, உதடு மூடிய பின்னும் மூக்கின் வழியே நீண்டு ஒலிக்கும் கனத்த ஒலியைக் காட்டுகின்றன. மிருதங்கச் சொற்கட்டில் இடக்கைப் பக்கத்துத் தாழ்ந்த ஒலிக்குத் 'தொம்' என்றே பெயர். பம்பை, தம்பட்டம் என்னும் கருவிப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே அவற்றின் ஓசை வாயில் எழக் காணலாம்.

தாழ்ந்த ஒலி வேறு, உரத்த ஒலி வேறு

திருவிழா வாதங்களில் பெரிதும் குழப்பம் விளைவிப்பது இவ்வேறுபாடேயாகும். ஒலியின் உயர்வு தாழ்வு சுருதியைப் பொறுத்தது. ஒலியின் வலிமை உரப்பைப் பொறுத்தது. பழந்தமிழ் இசைநூலார் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகளை வகுத்தனர். வடமொழியாளர் மந்தரம், மத்திமம், தாரம் என்றனர். தாழ்ந்த நிலைக்கு மெலிவு என்று பெயரிட்டதில் பொருள் உண்டு. மனிதக் குரல் கீழே இறங்க இறங்க மெலிந்துபோகும். இயற்கையில் தாழ்ந்த ஒலியை உரக்க ஒலிப்பது அரிது.

அதனை உரக்க ஒலிக்கச் செய்ய வேண்டுமானால் பெரிய உடலும் பெரிய தோலும் வேண்டும். முரசு பெரிதாக இருந்ததற்கு இதுவே காரணம். திருவாரூர்த் தியாகராசர் ஆலயத்தில் உள்ள ஐம்முகம் கொண்ட குடமுழா அவ்வாறு அமைந்த பெருங்கருவியாகும். மிருதங்கக் கலைஞர்கள் கச்சேரிக்குமுன் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்புவதும் இதன்பொருட்டே. தோலின் கனம் கூடினால் ஓசை தாழும். பறையைத் தீயில் காய்ச்சும்போது தோல் இறுகி ஓசை உயர்கிறது. பனியிலும் மழையிலும் தளர்ந்து மந்தமாகிறது. இவற்றையெல்லாம் எந்தப் பள்ளியிலும் பயிலாமல் கையாலேயே கற்றவர்கள் தோட்டத்து மேளக்காரர்கள்.

இந்நிலையை மின்சாரம் மாற்றியது. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை உருவாக்கினர். அதன்பின் வளர்ந்த கருவிகளால், மெலிவாயிருந்த ஒலியை எவ்வளவு உரப்பாகவும் ஆக்க முடிந்தது. இயற்கை இட்ட எல்லை நீங்கியது. அந்த எல்லையை மனிதரே வகுத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது.

இதில் அறிவியல் கூறும் செய்திகளையும் அறிதல் நலம். நொடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். நொடிக்கு 5,000 அதிர்வுகள் கொண்ட உயர்ந்த ஒலிக்கோ அது ஏறக்குறைய 7 சென்டிமீட்டரே. குறுகிய அலைகளைச் சுவரும் கதவும் எளிதில் தடுத்துவிடுகின்றன. நீண்ட அலைகள் தடைகளைச் சுற்றி வளைந்தும் மெல்லிய சுவர்களை ஊடுருவியும் செல்கின்றன. ஆலயத்துக்கு அப்பால் நான்கு வீடு தள்ளிப் படுத்திருக்கும் முதியவருக்குப் பாடல் கேட்பதில்லை. பாடலின் சொற்களும் கேட்பதில்லை. 'தொம் தொம்' என்னும் அதிர்வு மட்டும் கேட்கிறது. பக்திப்பாடல் என்று இங்கே ஒலிபரப்பப்படுவது அங்கே வெறும் இடிப்பாகவே சென்று சேர்கிறது.

மற்றொன்று: தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதச் செவி கூர்மை குறைந்தது என்பதை 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டனர். இதனைக் கருத்திற்கொண்டு அமைந்த 'ஏ' வகை டெசிபல் அளவை, 50 அதிர்வுகள் கொண்ட ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். 'சி' வகை அளவையோ அவ்வாறு குறைப்பதில்லை. கைப்பேசியிலுள்ள அளவியைக் காட்டி, "எண் குறைவாகத்தானே இருக்கிறது" என்று ஓர் இளைஞர் சொல்லலாம். அவர் காட்டும் எண் பொய்யாகாது. "நெஞ்சு படபடக்கிறது" என்று சொல்லும் பாட்டியின் கூற்றும் பொய்யாகாது. அவர் காட்டுவது செவிக்குரிய அளவு; பாட்டி சொல்வது அதிர்வு. இரண்டு சொற்களும் தெரிந்திருந்தால் ஒருவரையொருவர் பொய்யராக எண்ண நேராது.

உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், பொழுதுபோக்கு இடங்களில் 15 நிமிடச் சராசரி ஒலியளவு 100 டெசிபலைக் கடக்கக்கூடாது என்று வரையறுத்துள்ளது. 'ஏ' வகை அளவையில் கூறப்பட்ட எல்லை அது. ஒலிபெருக்கிப் பெட்டியின் அருகிலேயே பிள்ளைகளை அமரவிடும் பெற்றோர் இதனை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

தோட்டத்து மக்களின் செல்வம்

இவ்வளவும் கூறியதனால் கனத்த ஒலியே ஆகாது என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. தப்பும் உருமியும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர்களோடு கப்பலேறி வந்த செல்வம். பால்மரக் காடுகளிலும் தென்னந்தோட்டங்களிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள், கூலியாள் என்னும் பெயரை மறந்து மனிதராக நிமிர்ந்து நின்றது மேளம் முழங்கிய இரவுகளில்தான். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு அழைப்பதற்கும் தப்பு ஒலித்தது. மலையகத்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடும்பாடலில் அவ்விடியற்காலைத் தப்போசையைப் பதிவுசெய்துள்ளார். ஒரே கருவி காலையில் வேலைக்கு எழுப்பும் கட்டளையாகவும், இரவில் வழிபாட்டின் துணையாகவும் இருந்திருக்கிறது.

ஆயினும் அக்கருவியை இசைத்தவர்களுக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே பேசுதலைக் குறிக்கும் சொல். செய்தியைச் சொல்லும் கருவி என்பதாலேயே பறை எனப் பெயர் பெற்றது. அச்சொல்லையும் அதனைத் தொட்ட கையையும் இழிவாகக் கருதியது சமுதாயத்தின் குற்றமேயன்றிக் கருவியின் குற்றமன்று. மேளத்தைப் 'வெறும் சத்தம்' என்று ஒதுக்கும் பேச்சில் அப்பழைய இழிவின் நிழல் படிந்திருக்கக்கூடும். பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயரைக் காப்பது பொருளையும் காக்கும் என்பதற்குக் கோலசிலாங்கூரிலேயே சான்று உண்டு. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கிய தோட்டத்துக்குத் தென்னமரம் தோட்டம் என்பதே பெயர். பயிர் செம்பனையாக மாறிய பின்னும் தமிழ்ப்பெயர் வரலாற்று ஏடுகளில் நின்றுவிட்டது. மேளச் சொற்களோ ஏட்டில் ஏறாதவை. மூத்த மேளக்காரர் ஒருவர் மறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் அவர் வழங்கிய பெயர்களும் அவரோடு மறைந்துவிடுகின்றன. எஞ்சி நிற்பது 'பேஸ்' என்னும் ஒரு சொல் மட்டுமே. ஒரே சொல் எஞ்சும்போது, உருமியின் உறுமலும் பெட்டியின் உதைப்பும் ஒன்றே என்னும் எண்ணம் வளர்கிறது. பிறகு உருமி எதற்கு, பெட்டியே போதும் என்னும் நிலை எளிதில் வந்துவிடும்.

எல்லை வகுக்காவிடில் பிறர் வகுப்பர் என்பதற்கும் சான்று அண்டையிலேயே உண்டு. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலங்களில் குழுக்களுக்கிடையே எழுந்த பூசல்களையொட்டி 1973ஆம் ஆண்டில் இசைக்கருவிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2016ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில்தான் ஊர்வல வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. ஒரு தலைமுறையின் பூசல், அடுத்த தலைமுறையின் மேளத்தையும் வாய் மூட வைத்தது.

காலமும் இடமும்

பழந்தமிழ் மன்னர் முரசைப் போற்றிய விதம் இங்கு நினைவுகூரத்தக்கது. முரசுக்கென்று தனிக் கட்டில் இருந்தது. முரசை நீராட்டும் வழக்கம் இருந்தது. முரசு நீராடச் சென்றிருந்த வேளையில் மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பால் அறியாது அக்கட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்காமல், தானே கவரி வீசி நின்றான் என்பதைப் புறநானூறு கூறும். அச்செயலைப் புலமைக்கு மன்னன் செய்த சிறப்பு என்று எல்லாரும் போற்றுவர். அதில் வேறொரு செய்தியும் உண்டு. முழங்குவதற்கு ஒரு காலம் இருந்தது போலவே, முரசு ஓய்ந்து நீராடுவதற்கும் ஒரு காலம் இருந்தது. எந்நேரமும் ஒலித்துக்கொண்டிருந்திருந்தால் அதன் முழக்கத்துக்கு எவரும் செவிசாய்த்திருக்கமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, திருவிழா நடத்துவோர் சில நடைமுறைகளை மேற்கொள்ளலாம். ஒலியைப் பற்றிக் குறை வருமாயின், "சத்தத்தைக் குறை" என்று பொதுவாகக் கூறாமல், உரப்பு மிகுந்ததா, மந்தம் மிகுந்ததா என்று முதலில் கேட்டறியலாம். மந்தம் மிகுந்ததென்றால் ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிக்குரிய விசையை மட்டும் குறைத்தாலே போதும்; பாடலும் மந்திரமும் குறைவின்றிக் கேட்கும். பெட்டிகளை வீடுகளின் சுவரை நோக்கி வைக்காமல் ஆலயத் திடலை நோக்கித் திருப்பி வைக்கலாம். தாழ்ந்த ஒலி எத்திசையும் பரவுமாதலால், இரவு குறித்த நேரத்துக்குப் பின் மின்பெட்டியை நிறுத்திவிட்டுத் தோற்கருவிகளை மட்டும் ஒலிக்கச் செய்யலாம். பூசை நேரத்தில் உருமி எப்போது தொடங்கி எப்போது ஓயவேண்டும் என்பதை மேளக் குழுவினரோடு கலந்து பேசி முன்கூட்டியே முடிவு செய்யலாம். அக்கூட்டத்தில் இளைஞர்களையும் அமரச்செய்து அவர்களின் கருத்தையும் கேட்டல் முறையாகும்.

இளைஞர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வட்டாரத்தில் எஞ்சியுள்ள மூத்த மேளக்காரர்களை அணுகி, எந்த அடிக்கு என்ன பெயர், எந்த ஓசைக்கு என்ன சொல், எந்தத் தாளம் எந்தச் சடங்குக்குரியது என்பவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குச்சி பிடிக்கும் விதத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். அவர்கள் வாயால் சொல்லும் சொற்களையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இப்பணியில் துணைநிற்பாராயின், இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும் மாணவர்க்குப் பாடநூல் செய்தியாக மட்டும் நில்லாது, காதால் கேட்டறியும் செய்தியாகவும் அமையும்.

முழங்க வேண்டிய நேரத்தில் மேளம் முழங்கட்டும். அது அரவமாக மாறும்போது அதனைக் கண்டு சொல்லும் துணிவு மேளக்காரர்க்கே வாய்க்கட்டும். அது இசையாக நிற்கும்போது அதனைச் சத்தம் என்று சொல்லாத பண்பு பெரியவர்க்கு வாய்க்கட்டும். இரு தரப்பினர்க்கும் பொதுவான சொற்கள் தமிழில் ஏற்கெனவே உள்ளன. எடுத்து வழங்குவதே எஞ்சியுள்ள பணி.